கேட்டுக் கற்ற கலை: ஔவை டி.கே. சண்முகம் பெற்ற நாடகப் பயிற்சி

முத்தமிழ் என்று பேசாத தமிழ் விழா கிடையாது. ஆனால் அந்த மூன்றில் இயலுக்குப் பட்டிமன்றம் இருக்கிறது, இசைக்குக் கச்சேரி இருக்கிறது. நாடகத்துக்கு மட்டும் ஆண்டு விழாவில், சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு முக்கால் மணி நேரம் ஒதுக்கப்படுகிறது. அதற்கும் ஒத்திகை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்தாம். பயிற்சி பற்றிப் பேச்செடுத்தால், "நடிப்பெல்லாம் சொல்லிக் குடுத்து வர்றதா சார்? பொறக்கும்போதே இருக்கணும்" என்ற பதில் வந்துவிடும்.

பழந்தமிழர் அப்படி நினைக்கவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் புரட்டிப் பாருங்கள். மாதவி ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள் என்று அங்கே காண்கிறோம். அவளுக்கு ஆடல் ஆசிரியர் வேறு, இசை ஆசிரியர் வேறு, பாட்டு இயற்றும் புலவர் வேறு. தண்ணுமைக்கும் குழலுக்கும் யாழுக்கும் தனித்தனி ஆசிரியர்கள். அந்த ஒவ்வோர் ஆசிரியருக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் இளங்கோவடிகள் வகுத்துச் சொல்கிறார். மேடைக் கலை என்பது கற்பித்து வருவது, அதற்குக் காலம் பிடிக்கும் என்பதில் நம் முன்னோர்க்கு ஐயமே இருந்ததில்லை.

அந்தக் கொள்கை இருபதாம் நூற்றாண்டில் எப்படி நடைமுறையில் இருந்தது என்பதை ஒரே ஒரு நடிகரின் வாழ்க்கையை வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அவர் ஔவை டி.கே. சண்முகம் (1912–1973). நான் தொழில்முறை நடிகன் அல்லன். மும்பையில் வங்கி வேலை பார்த்துக்கொண்டே சங்க நாடகங்களுக்கு ஒத்திகை நடத்தி வந்தவன். மேடையில் நின்று பேசத் தெரியாத பெரியவர்களையும், தமிழ் எழுத்தே தெரியாத குழந்தைகளையும் வைத்து வேலை செய்த அனுபவத்தில், சண்முகம் அவர்களின் வாழ்க்கை எனக்கு வெறும் வரலாறாகத் தோன்றவில்லை. நமக்குத் தேவையான ஒரு வழிமுறை அதற்குள் இருக்கிறது என்பது என் கருத்து.

பாலர் சபை ஏன் தோன்றியது?

சண்முகம் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். தந்தை டி.எஸ். கண்ணுசாமிப் பிள்ளை, பெண் வேடத்தில், அதாவது அக்கால வழக்கில் 'ஸ்திரீபார்ட்'டில், பெயர் பெற்ற நடிகர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழு தொடங்கியபோது, கண்ணுசாமிப் பிள்ளை தம் மக்களோடு அதில் சேர்ந்தார். சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகிய மூவரோடு, பின்னாளில் தம்பி பகவதியும் மேடைக்கு வந்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் என்று நாடே அறிந்த நால்வர் இவர்கள்தாம். சபையில் சேர்ந்தபோது சண்முகத்துக்கு வயது ஆறு. முதல் வேடம் 'சத்தியவான் சாவித்திரி'யில் நாரதர்.

அந்தச் சபையின் ஆசிரியர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த இவரைத் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றுகிறோம். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்', 'சதி சுலோசனா' முதலிய பல நாடகங்களை எழுதியவர். இவரே முதலில் நடிகராக இருந்தவர். எமன், சனீசுவரன் போன்ற உக்கிரமான வேடங்களில் இவரைக் கண்டு பார்த்தவர்கள் நடுங்கினார்கள் என்றும், அதனால் நேர்ந்த ஓர் உயிரிழப்பால் மனம் நொந்து வேடம் கட்டுவதையே விட்டுவிட்டார் என்றும் நாடக உலகில் சொல்லப்படுவது உண்டு. நடிப்பதை விட்டவர் நடிகர்களை உருவாக்குவதில் இறங்கினார்.

ஏன் சிறுவர்களை வைத்து? அக்காலத்தில் 'ஸ்பெஷல் நாடகம்' என்ற முறை பரவியிருந்தது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார், ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊர். எல்லாருக்கும் ஒரே நாடகம் மனப்பாடம் என்பதால் ஒத்திகை கிடையாது. மேடையிலேதான் சந்திப்பார்கள். இம்முறையில் அபாரமான பாடகர்கள் உருவானார்கள் என்பது உண்மை. ஆனால் ஒருவரை ஒருவர் மடக்கிப் பேசுவதும், கதையை மறந்து தர்க்கம் செய்வதும், கைதட்டலுக்காகப் பாட்டை நீட்டுவதும் மலிந்தன. பெரியவர்களைத் திருத்துவது கடினம். ஆகவே எழுதியதை எழுதியபடி பேசவும், ஒரு குழுவாக நின்று கதையைக் காக்கவும் சிறுவர்களைப் பழக்குவது என்று சுவாமிகள் முடிவு செய்தார். அவர் காலத்திலும் அதன் பின்னும் இத்தகைய 'பாய்ஸ் கம்பெனிகள்' பல தோன்றின. எஸ்.ஜி. கிட்டப்பா, பி.யு. சின்னப்பா, எம்.ஜி. ராமச்சந்திரன், சிவாஜி கணேசன், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் என்று நாம் அறிந்த பெயர்களில் பெரும்பாலானவை ஏதாவதொரு நாடகக் கம்பெனியின் வாசற்படியை மிதித்தவைதாம்.

கம்பெனி வீட்டுப் பாடத்திட்டம்

பையன்கள் அனைவரும் கம்பெனி வீட்டிலேயே தங்குவார்கள். சாப்பாடு, படுக்கை, படிப்பு எல்லாம் அங்கேதான். ஊர் ஊராகக் கொட்டகை மாறும், வீடும் மாறும், பாடம் மட்டும் மாறாது. அந்தப் பயிற்சியை மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது குரல். ஒலிபெருக்கி வராத காலம். கீற்றுக் கொட்டகை, நூற்றுக்கணக்கில் ஜனம், கைக்குழந்தை அழுகை, வெளியே சோடாக்காரன் சத்தம். இவ்வளவையும் தாண்டி ஒரு பத்து வயதுப் பையனின் குரல் கடைசித் தரை டிக்கெட்டுக்காரரைப் போய்ச் சேர வேண்டும். அதற்காக விடியற்காலையில் ஆர்மோனியத்தின் முன் உட்காரவைத்துச் சாதகம் செய்யவைப்பார்கள். சுருதி உயர்ந்த கட்டையில் இருக்கும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பாட்டைத் தாங்குவது உயிரெழுத்து, அதை நீட்டலாம். வசனத்தைத் தாங்குவதோ மெய்யெழுத்து. தூரம் போகப் போக முதலில் தேய்ந்துபோவதும் அதுதான். 'பகைவன்' என்பதில் ககரமும் வகரமும் தேய்ந்தால் கடைசி வரிசையில் கேட்பது வெறும் சத்தம். ஆகவே கத்திப் பேசுவதால் மட்டும் பயன் இல்லை. எழுத்தை அழுத்திப் பேச வேண்டும். பாட்டும் வசனமும் மாறி மாறி வரும் சுவாமிகளின் நாடகங்களைப் பாடம் செய்த பையனுக்கு இரண்டு பழக்கமும் தானாகவே வந்துவிடும்.

இரண்டாவது நினைவு. சுவாமிகளின் நாடகங்களில் வெண்பாவும் விருத்தமும் கீர்த்தனையும் வசனமும் கலந்து வரும். வசனத்துக்கு நடுவே குறளும் நீதிநூல் கருத்துகளும் வந்து விழும். எழுத்துக் கூட்டிப் படிக்கவே தெரியாத பையன்களும் இதை மனப்பாடம் செய்தார்கள். எப்படி? வாத்தியார் ஓர் அடி சொல்வார். பையன்கள் கூட்டாகத் திருப்பிச் சொல்வார்கள். அடுத்த அடி. பிறகு இரண்டையும் சேர்த்து. தாளில் இருப்பது கண்ணுக்குத் தெரியும் முன்னாலேயே காதில் விழுந்து நாக்கில் ஏறிவிடும். ஒருவருடைய பாடத்தை எல்லாரும் கேட்டுக்கொண்டே இருப்பதால் எல்லாருக்கும் எல்லாப் பாடமும் தெரியும். ஒரு பையனுக்குக் காய்ச்சல் என்றால் அன்றிரவு இன்னொரு பையன் வேடம் கட்டிவிடுவான், நாடகம் நிற்காது.

மூன்றாவது கூட்டு. ராஜா வேடம் போட்டவன் நாளைக்கு வேலைக்காரன் வேடம் போடுவான். மற்றவன் பேசும்போது எப்படி நிற்பது, எங்கே பார்ப்பது, அரிதாரம் பூசிக்கொண்டு எப்படி அமைதியாக இருப்பது என்பதெல்லாம் இதில் அடக்கம். ஸ்பெஷல் நாடகத்தில் இல்லாததும், சுவாமிகள் முக்கியமாக விரும்பியதும் இதுதான்.

சிறுவன் சண்முகத்தின் ஆற்றலை ஆசிரியர் எவ்வளவு நம்பினார் என்பதற்கு ஒரு சான்று போதும். சண்முகம் கதாநாயகனாக நடிப்பதற்கென்றே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார். நாலு மணி நேரம் நடக்கக்கூடிய நாடகம் அது! தலைமுறை தலைமுறையாகப் பெரிய நடிகர்கள் பாடிப் பழகிய நாடகங்கள் கையில் இருந்தும், ஒரு பையனின் குரல், உயரம், நாக்கு ஆகியவற்றுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல ஒரு புது நாடகம். பாத்திரத்தை ஆளுக்குப் பொருத்துவது ஒரு முறை. ஆளைப் பாத்திரத்துக்கு வளர்ப்பது இன்னொரு முறை. நல்ல ஆசிரியருக்கு இரண்டும் கைவரும்.

ஆனால் இந்தக் குருகுலம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1921இல் சுவாமிகள் பக்கவாதத்தால் தாக்கப்பட்டுப் பேச்சை இழந்தார். எத்தனையோ பேருக்கு நாக்கைப் பழக்கிக் கொடுத்தவருக்கே நாக்கு எழவில்லை. 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். அப்போது சண்முகத்துக்குப் பத்து வயது.

மகரக்கட்டு என்னும் கண்டம்

பாலர் சபைகளைப் பற்றிப் பேசும்போது பலரும் தொடாமல் விடுகிற ஒரு விஷயம் மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண் குழந்தையின் குரல் உடைவதைத்தான் நாடகக்காரர்கள் அப்படிச் சொன்னார்கள். நேற்று வரை ஐந்து கட்டையில் கணீரென்று பாடியவன் இன்று வாயைத் திறந்தால் குரல் பிளவுபடும். உடலியல்படி பார்த்தால் இது எல்லார்க்கும் வருவது. குரல்வளை வளர்கிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன, சுருதி ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்குகிறது. ஆனால் பாட்டையே நம்பியிருந்த நாடகத்தில் இது வேலைநீக்க ஓலை. எத்தனையோ பையன்கள் இந்த இடத்தில் வேஷத்தை இழந்தார்கள். சிலர் பின்பாட்டுக்கும் எடுபிடி வேலைக்கும் போனார்கள், சிலர் ஊருக்கே திரும்பினார்கள். ஆறு வயது முதல் கற்ற ஒரே தொழில் பதினான்கு வயதில் கையை விட்டுப் போனால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

ஆகவே ஒரு பாலநடிகன் பெரிய நடிகனாக ஆவதற்குப் பாட்டல்லாத இன்னொரு பயிற்சி வேண்டியிருந்தது. சண்முகத்துக்கு அது தக்க சமயத்தில் கிடைத்தது.

இரண்டாவது ஆசிரியர்

1925 மார்ச் 31 அன்று திருவனந்தபுரத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் தமக்கென்று மதுரை ஸ்ரீபால ஷண்முகானந்த சபையைத் தொடங்கினார்கள். சொந்தக் கம்பெனி என்பதால் பொறுப்பும் அவர்களுடையதே. இந்தச் சபைக்கு ஆசிரியராக வந்தவர் எம். கந்தசாமி முதலியார். நடிகர் எம்.கே. ராதாவின் தந்தை என்றால் பலருக்கு எளிதாக விளங்கும்.

முதலியார் கொண்டுவந்த நாடகங்கள் வேறு வகை. ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜேந்திரா', 'ராஜாம்பாள்', 'சந்திரகாந்தா', வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' முதலிய நாவல்களைத் தழுவியவை. இவற்றில் கிரீடமும் புஜகீர்த்தியும் கிடையாது. வக்கீல், போலீஸ்காரர், சாமியார், வரதட்சணை கேட்கும் சம்பந்தி, இப்படிப் பார்வையாளர் நாள்தோறும் தெருவில் பார்க்கும் ஆட்கள்தாம் பாத்திரங்கள். பம்மல் சம்பந்த முதலியாரின் 'மனோகரா' போன்ற வசன நாடகங்களும் இக்காலத்தில் தொழில்முறைச் சபைகளில் இடம் பெற்றன. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த சம்பந்த முதலியார், படித்த உத்தியோகஸ்தர்களும் மேடை ஏறலாம் என்று காட்டியவர். அந்தப் பக்கத்து நாகரிகம் பாட்டு நாடகக்காரர்களின் பக்கம் வந்து சேர்ந்தது என்று இதைச் சொல்லலாம்.

நடிகனுக்கு இதில் என்ன மாறியது? புராண நாடகத்தில் அர்ஜுனன் எப்படி இருப்பான் என்று யாருக்கும் தெரியாது. நடிகன் நிற்பதே அர்ஜுனன். வக்கீல் அப்படி இல்லை. "எங்க ஊர் வக்கீல் இப்படியா நடப்பாரு?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் நாடகம் போச்சு. எனவே நடிகன் மனிதர்களைக் கூர்ந்து பார்க்கத் தொடங்க வேண்டியதாயிற்று. இரண்டாவது, பாட்டில் பாவத்தை ராகம் சுமக்கும். வசனத்தில் அதை நிறுத்தமும் மூச்சும் சுமக்க வேண்டும். எங்கே பேசாமல் இருப்பது என்பதும் நடிப்பில் ஒரு பாடமாக ஆனது. மகரக்கட்டில் சுருதி இறங்கிய குரலுக்கு இந்த வகை நடிப்பில் இடம் இருந்தது.

இந்தச் சபையின் 'மேனகா' 1935இல் திரைப்படமானபோது சகோதரர்களே அதில் நடித்தார்கள். பம்பாய் மௌனப் படங்களில் புகழ் பெற்ற நம் புதுக்கோட்டைக்காரர் ராஜா சாண்டோ அதை இயக்கினார். வங்கக் கதை ஒன்றைத் தழுவிய 'குமாஸ்தாவின் பெண்' நாடகமும் 1941இல் படமாயிற்று. படங்கள் வந்த பிறகும் சண்முகம் மேடையை விடவில்லை. 1944இல் ஈரோட்டில் நாடகக் கலைக்கென்றே மாநாடு கூட்டுவதில் சகோதரர்கள் முன்னின்றார்கள். சினிமாவின் வேகத்தில் மேடை அடித்துக்கொண்டு போய்விடும் என்ற அச்சம் அப்போதே எழுந்துவிட்டது.

ஔவையார்: இரு பயிற்சியும் கூடிய இடம்

1940களில், முப்பது வயதை ஒட்டி, சண்முகம் ஔவையார் வேடம் ஏற்றார். அந்தப் பெயர் கடைசி வரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆண் பெண் வேடம் கட்டுவது அந்நாளில் புதுமை அல்ல. மும்பையில் வாழும் நமக்கு மராத்தி மேடையின் பால கந்தர்வரைத் (1888–1967) தெரியும். தாதர் சிவாஜி மந்திர் பக்கம் போகிற எந்த மராத்தி நண்பரைக் கேட்டாலும் அவர் உடுத்திய பட்டையும் பாடிய நாட்டியப் பாடல்களையும் பற்றிச் சொல்வார். 1911இல் தம் குழந்தை இறந்த நாளிலும் 'மானாபமான்' நாடகத்தின் முதல் நிகழ்ச்சியை நிறுத்தாமல் மேடையேறியவர் அவர். அவருடைய பெண் வேடம் அழகின் இலட்சியம். அந்தக் காலத்துப் பெண்களே அவர் உடுத்துவதைப் பார்த்து உடுத்தினார்கள் என்று சொல்வார்கள். நம் மேடையின் ஸ்திரீபார்ட்டும் பெரும்பாலும் அதே வழிதான்.

சண்முகம் எடுத்ததோ கிழவி வேடம். அழகு உதவாது, பட்டுப்புடவை உதவாது. வயதான பெண் வேடம் என்றாலே சிரிக்கவைப்பதற்குத்தான் என்ற வழக்கமும் இருந்தது. கூன் விழுந்த முதுகு, நடுங்கும் கை, பொக்கை வாய்ப் பேச்சு என்று காட்டினால் கொட்டகை சிரித்துவிடும். சிரித்த கொட்டகை அடுத்த நிமிடம் அந்தக் கிழவியின் வாயிலிருந்து வரும் தமிழைக் கும்பிட வேண்டும். இதுதான் அந்த வேடத்தின் கஷ்டம்.

அவர் பெற்ற இரண்டு பயிற்சிகளும் இங்கே எப்படி உதவியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். முதுமையை உடம்பில் காட்டுவதற்குக் கந்தசாமி முதலியார் வழியில் வந்த கூர்ந்த பார்வை வேண்டும். கிழவி எப்படி உட்கார்கிறாள், எழும்போது முதலில் கையை எங்கே ஊன்றுகிறாள், திரும்பும்போது கழுத்து முதலில் திரும்புகிறதா தோள் முதலில் திரும்புகிறதா என்பதெல்லாம் பார்த்துத்தான் வரும். ஆனால் ஔவை வாய் திறந்தால் வருவது செய்யுள். அதை மூதாட்டியின் தளர்ந்த குரலிலும் சொல்ல வேண்டும், எழுத்துச் சிதையாமலும் சொல்ல வேண்டும். இது சங்கரதாஸ் சுவாமிகளின் காலைச் சாதகத்தில் கற்றது. குரலைத் தளர்த்தலாம், மெய்யெழுத்தைத் தளர்த்தக்கூடாது. என் ஒத்திகை அனுபவத்தில் இதைவிடக் கடினமான ஒன்றை நான் கண்டதில்லை. கிழவர் வேடம் கொடுத்தால் நம் ஆட்கள் முதலில் செய்வது பேச்சைக் குழறுவதுதான்.

அரு. ராமநாதனின் 'ராஜராஜ சோழன்' நாடகம் 1955இல் வந்தபோது சண்முகம் அதே உடம்பைப் பேரரசருக்குரியதாக நிமிர்த்திக் காட்டினார். சங்கீத நாடக அகாதெமி விருதும், 1971இல் பத்மஸ்ரீயும் அவரைத் தேடி வந்தன. முறையான பள்ளிப் படிப்புக்கு வாய்ப்பில்லாத அவர் 'நாடகக் கலை', 'எனது நாடக வாழ்க்கை' ஆகிய நூல்களை எழுதினார். அவர் குழுவில் பயிற்சி பெற்ற கமல்ஹாசன் 1996இல் தம் படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று பெயர் வைத்ததன் பின்னணி இன்றைய இளைஞர் பலருக்குத் தெரியாது. அந்தப் படத்தைப் பார்க்காத பிள்ளைகள் நம் வீடுகளில் குறைவு. அந்தப் பெயருக்குரியவரைக் கேள்விப்பட்ட பிள்ளைகள் அதைவிடக் குறைவு.

அந்தப் பயிற்சியின் விலை

பாலர் சபைகளைப் பொற்காலம் என்று மட்டும் எழுதி முடித்துவிட்டால் அது நேர்மையாகாது. வறுமையால் பெற்றோர் பிள்ளைகளைக் கம்பெனியில் விட்டார்கள். பல இடங்களில் அடியும் உதையும் பாடத்தின் பகுதியாகவே இருந்தன. விடிய விடிய நாடகம், பகலில் தூக்கம், தூக்கத்தைக் கெடுத்துப் பாடம், இதுதான் குழந்தைப் பருவம். பள்ளிக்கூடம் கிடையாது. தாய் முகத்தைப் பார்க்க மாதங்கள் ஆகும். சண்முகத்துக்குத் தந்தையும் தமையன்மாரும் பக்கத்திலேயே இருந்தார்கள் என்பது பெரிய பாக்கியம். மற்றப் பிள்ளைகளுக்கு அது வாய்க்கவில்லை. மகரக்கட்டில் உதிர்ந்துபோன பையன்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரு சண்முகம் கிடைத்தார் என்பதற்காக அந்தப் பிள்ளைகளை மறப்பது நியாயம் ஆகாது.

ஆகவே முறையையும் கொடுமையையும் பிரித்தெடுக்க வேண்டும். அடித்ததால் பாடம் வந்தது என்று சொல்பவர்களை நான் இன்றும் சந்திக்கிறேன். தினந்தோறும், கூட்டாக, காதால் கேட்டு, வாய்விட்டுச் சொன்னதால்தான் பாடம் வந்தது. அடி அதற்கு எதையும் சேர்க்கவில்லை.

வெளிமாநிலத் தமிழருக்கு இதில் என்ன?

இங்கேதான் நான் இக்கட்டுரையை எழுதப் புகுந்த காரணம் வருகிறது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். தமிழ் காதில் மட்டும் இருக்கிறது. அவர்களை நாடகத்தில் சேர்க்கும்போது வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுப்பது இங்கே பலகால வழக்கம். ஆங்கில எழுத்தில் 'பழம்' எழுதினால் பிள்ளை படிப்பது 'பலம்' அல்லது 'பஸம்'. 'மரம்' எது, 'மறம்' எது என்று அந்த எழுத்துக்குத் தெரியாது. வீட்டில் பாட்டியோடு ழகரம் சரியாகப் பேசுகிற குழந்தைகூடத் தாளைப் பார்த்தவுடன் தவறாகப் பேசுகிறது! காது சரியாக வைத்திருந்ததைக் கண் கெடுத்துவிடுகிறது.

இதைக் கண்ட பிறகு சில ஆண்டுகளாக நாங்கள் சிறுவர் நாடகத்துக்குத் தாளே கொடுப்பதில்லை. முதல் மூன்று வாரம் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் சொல்ல மற்றவர்கள் சொல்வதுதான். வீட்டில் பழகுவதற்கு, சங்கத்து மூத்த அம்மா ஒருவர் வசனங்களை நிதானமாகப் பேசிக் கைபேசியில் பதிவு செய்து அனுப்புகிறார். எல்லாப் பிள்ளைகளும் எல்லாருடைய வசனத்தையும் கேட்கிறார்கள். கடைசி நேரத்தில் ஒரு பிள்ளைக்குப் பரீட்சை வந்துவிட்டால் இன்னொரு பிள்ளை தயார். இன்னொரு நன்மையை நான் எதிர்பார்க்கவே இல்லை. தமிழ் வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்ற செம்பூர்ப் பிள்ளையைவிட, எழுத்தே தெரியாமல் வீட்டில் திருநெல்வேலித் தமிழ் பேசி வளர்ந்த தாராவிப் பிள்ளை முன்னால் வந்து நின்றது. "எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது அங்கிள்" என்று ஓரமாக நின்றவன், மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவனாக ஆனான். தாளை வைத்துத் தொடங்கியிருந்தால் அவன் கடைசி வரிசையிலேயே நின்றிருப்பான்.

பெரியவர்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. தொங்கும் ஒலிவாங்கியை நம்பி யாரும் குரலைப் பழக்குவதில்லை. ஒலிவாங்கி சத்தத்தைப் பெருக்கும். தேய்ந்த எழுத்தைத் திருப்பித் தராது. ஒத்திகையில் வாரம் ஒரு நாளாவது அதை அணைத்துவிட்டு, ஒருவரைக் கடைசி நாற்காலியில் உட்காரவைத்து, "கேக்குதா?" என்று கேட்காமல் "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு எல்லாரும் ஆமாம் என்பார்கள். இரண்டாவதுதான் சோதனை.

குரல் உடையும் வயதுப் பையன்களையும் நாம் கவனிக்க வேண்டும். பன்னிரண்டு வயது வரை சிறுவர் நாடகத்தில் ஓடியாடி நடித்தவன், பதினாலு வயதில் தன் குரல் தனக்கே கூச்சமாகி விலகிப் போகிறான். பிறகு அவன் சங்கத்துப் பக்கமே வருவதில்லை. அந்தக் காலக் கம்பெனியில் அவனை வெளியே அனுப்பினார்கள். இங்கே அவனே போய்விடுகிறான். கந்தசாமி முதலியார் செய்ததைப்போல அவனுக்கு ஏற்ற வேறு வேடம், பாட்டில்லாத வேடம், குறைந்த பேச்சும் நிறைந்த நடமாட்டமும் உள்ள வேடம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓர் ஆசிரியர் ஒரு சிறுவனுக்காக ஒரே இரவில் முழு நாடகம் எழுதியிருக்கிறார். நாம் ஒரு காட்சியாவது எழுதலாம் அல்லவா?

அடுத்த ஆண்டு விழாவுக்கு நாடகக் குழு அமைக்கும்போது ஒத்திகையை மூன்று ஞாயிறு என்று வைக்காமல் மூன்று மாதம் என்று வைப்போம். முதல் மாதம் முழுவதும் கையில் தாள் வேண்டாம். மும்பையிலோ தில்லியிலோ கொல்கத்தாவிலோ எங்கிருந்தாலும், தமிழ் பேசத் தெரிந்த ஒரு பெரியவரும் கேட்கக் காதுள்ள பத்துக் குழந்தைகளும் போதும், இதைத் தொடங்கிவிடலாம்.